பட்மே யாருடைய ஊர், யாருடைய போர்?

1998 மே 12 அதிகாலை ஐந்தரை மணி வாக்கில், எரித்திரிய ராணுவத்தின் குறைந்தது இரண்டு பிரிகேடுகள் டாங்கிகளோடும் பீரங்கிகளோடும் பட்மே என்ற சிற்றூருக்குள் நுழைந்தன. ஊர் அப்போது எத்தியோப்பிய நிர்வாகத்தில் இருந்தது. எதிரே நின்றவர்கள் உள்ளூர் ஊர்க்காவல் படையினரும் கொஞ்சம் போலீஸ்காரர்களும்தான். அவர்களால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அன்று தொடங்கிய போர் இரண்டு வருடம் நடந்தது. இறந்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வடகிழக்கு ஆப்பிரிக்காவில், ஆப்பிரிக்கக் கொம்பு எனப்படும் பகுதியில் இருக்கும் இந்த இரண்டு நாடுகளுமே உலகின் மிக ஏழை நாடுகளின் வரிசையில் இருந்தவை.

போர் என்று வந்தால் என் நண்பர் வட்டத்தில் விவாதம் இரண்டே தடத்தில் ஓடும். ஒருவர் 'முதலில் அடித்தவன் யார், அதைச் சொல்லுங்கள்' என்பார். இன்னொருவர் 'இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, விடுங்கள்' என்பார். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. முதலாமவர் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தைய பத்து வருடத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார். இரண்டாமவர் எல்லோரையும் சமமாகக் குற்றவாளியாக்கி, கடைசியில் யாரையுமே கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார். எத்தியோப்பியா, எரித்திரியா போரைத் தேடித் தேடி நான் படித்ததற்குக் காரணம் இதுதான். யார் பொறுப்பு என்ற கேள்வி இங்கே பேச்சோடு நிற்கவில்லை. சாட்சியம், ஆவணம், வரைபடம் எல்லாம் வைத்து நடுவர்கள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அந்தப் பதில் யாருக்கும் வசதியாக இல்லை என்பதுதான் அதை எனக்கு முக்கியமாக்குகிறது.

முன்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எரித்திரியா இத்தாலியின் காலனியாக இருந்தது. 1952இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது, 1962இல் எத்தியோப்பியா அதை அப்படியே விழுங்கியது. அதற்கு எதிராக நடந்த ஆயுதப் போராட்டத்தில் கடைசியில் மேலோங்கி நின்றது எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணி. எல்லைக்கு இந்தப் பக்கம், எத்தியோப்பியாவுக்குள்ளேயே, எரித்திரியாவை ஒட்டிய டிக்ரே பகுதியின் டிக்ரே மக்கள் விடுதலை முன்னணி, அப்போது எத்தியோப்பியாவை ஆண்ட அதே ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடியது. இருவரும் கூட்டாளிகள், ஆனால் ஒருவரை ஒருவர் முழுதாக நம்பியவர்கள் இல்லை. 1985இல், பஞ்சம் தலைவிரித்தாடிய நேரத்தில், எரித்திரிய முன்னணி டிக்ரேக்காரர்களுக்குச் சூடானிலிருந்து வரும் வழியை அடைத்தது. பட்டினியில் கிடந்தவர்களுக்கு உணவு வரும் வழி அது. டிக்ரேயில் அதை யாரும் மறக்கவில்லை. பிறகு மறுபடியும் சேர்ந்தார்கள். 1991 மே மாதம் எரித்திரியர்கள் தங்கள் தலைநகர் அஸ்மாராவையும் டிக்ரேக்காரர்கள் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவையும் பிடித்தார்கள். 1993இல் எரித்திரியா தனி நாடானது. எத்தியோப்பியா கடற்கரையே இல்லாத நாடானது. எரித்திரிய முன்னணியின் இசையாஸ் அஃப்வெர்கி அங்கே, டிக்ரே முன்னணியின் மெலெஸ் ஜெனாவி இங்கே ஆட்சித் தலைவர்கள். பழைய தோழர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டதால் எல்லைக் கோட்டைத் தெளிவாக வரைந்து கல் நடும் வேலையை யாரும் அவசரமாக நினைக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கசந்தது. 1997 கோடையில் எல்லையோரப் படா பகுதியில் எத்தியோப்பியப் படை வந்து உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியது. ஆகஸ்டில் இசையாஸ் அதைப் பற்றி மெலெஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அதே வருடம் டிக்ரே மாநிலம் வெளியிட்ட வரைபடம், தகராறில் இருந்த இடங்களையெல்லாம் தன் பக்கம் காட்டியது. நவம்பரில் எரித்திரியா நக்ஃபா என்ற சொந்த நாணயத்தைக் கொண்டுவந்தது. இரு நாட்டு வணிகத்துக்கு இனி டாலரில் வங்கி உத்தரவாதம் வேண்டும் என்றது எத்தியோப்பியா. எல்லைச் சந்தைகளில் அன்றாடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. 1998 மே 6 அன்று பட்மே அருகே ஒரு மோதலில் எரித்திரியச் சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 8 அன்று இரு நாட்டு எல்லைக் கூட்டுக் குழு அடிஸ் அபாபாவில் கூடியது. மே 12 அன்று டாங்கிகள் வந்தன.

போர் முடிந்து 2000 டிசம்பர் 12 அன்று அல்ஜியர்ஸில் கையெழுத்தான ஒப்பந்தம், கேள்வியை மூன்றாகப் பிரித்தது. இதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே நினைக்கிறேன். எல்லை எங்கே என்று சொல்ல ஓர் ஆணையம். யாருக்கு யார் என்ன நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்ல இன்னோர் ஆணையம். போர் எப்படி மூண்டது என்று விசாரிக்க ஒரு தனி சுயேச்சைக் குழு. மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எலிஹு லாட்டர்பாக்ட் தலைமையிலான எல்லை ஆணையம் 2002 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு சொன்னது. 1900, 1902, 1908 ஆண்டுகளில் இத்தாலியும் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான் அடிப்படை. பட்மே எந்தப் பக்கம் என்று தீர்ப்பு நேரடியாகச் சொல்லவில்லை. கோடு மட்டும் இருந்தது. அதனால் இரண்டு அரசுகளும் வெற்றி என்று அறிவித்துக் கொண்டாடின! பிறகுதான் ஆணையம் தெளிவுபடுத்தியது: பட்மே கோட்டுக்கு அந்தப் பக்கம், எரித்திரியாவில் இருக்கிறது.

அடுத்து, ஹான்ஸ் வான் ஹூட்டே தலைமையிலான இழப்பீட்டு ஆணையம் 2005 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு சொன்னது. மே 12 அன்று பட்மேயைத் தாக்கியதன் மூலம் எரித்திரியா ஐ.நா. சாசனத்தை மீறியது, சட்டவிரோதமாகப் படைபலத்தைப் பயன்படுத்தியது, அதற்கு அது பொறுப்பு என்றது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஊர் எரித்திரியாவுடையது. அந்த ஊரை எடுக்கப் படை அனுப்பியது எரித்திரியாவின் குற்றம். பலருக்கு இது முரண்பாடாகத் தெரிகிறது. 'என் வீட்டுக்குள் நான் நுழைந்ததற்கு எனக்கே தண்டனையா' என்று எரித்திரியத் தரப்பு கேட்டது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஆணையம் சொன்ன பதிலை நான் முழுமையாக ஏற்கிறேன். எல்லைத் தகராறு இல்லாத நாடுகள் குறைவு. தகராறு உள்ள இடம் என்னுடையது என்று மனதார நம்புகிற ஒவ்வொரு அரசும் டாங்கியை அனுப்பலாம், அது தற்காப்பு என்று அனுமதித்துவிட்டால், படைபலம் கூடாது என்ற விதியில் பெரிய ஓட்டை விழுந்துவிடும். மே 6 மோதலில் உயிர்கள் போயின, உண்மை. ஆனால் ரோந்துப் படைகளுக்கு இடையே நடந்த சிறு மோதல் வேறு, இரண்டு பிரிகேடு தாக்குதல் வேறு என்றது ஆணையம். நிலத்தின் மீது உரிமை இருப்பதாலேயே அதற்காகப் போரைத் தொடங்கும் உரிமை வந்துவிடாது. நம் விவாதங்களில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. 'அந்த இடம் சரித்திரப்படி யாருடையது' என்று மூன்று மணி நேரம் பேசிவிட்டு, போருக்கு யார் பொறுப்பு என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக எழுந்து போகிறோம்.

எரித்திரியாவின் ஆட்சேபத்தில் ஒரு பகுதியை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. போரின் தொடக்கத்தை விசாரிப்பது வேறு குழுவின் வேலை என்று ஒப்பந்தமே சொல்லும்போது, இழப்பீட்டு ஆணையம் அதைத் தொட்டது சரியா என்பது நியாயமான சட்டக் கேள்வி. சட்டம் படித்தவர்கள் இன்றும் இதில் கருத்து வேறுபடுகிறார்கள். தீர்ப்பின் முடிவு சரி, ஆனால் 1997இன் சம்பவங்கள் அதில் எடை பெறவே இல்லை என்பது என் எண்ணம்.

யார் தொடங்கினார்கள் என்பதற்கும் யார் எப்படிப் போரிட்டார்கள் என்பதற்கும் பதில் ஒரே பக்கம் விழ வேண்டியதில்லை. 1998 ஜூன் 5 அன்று எரித்திரிய விமானங்கள் டிக்ரேயின் தலைநகரான மெக்கெல்லேயின் விமான நிலையத்தைக் குறிவைத்துப் புறப்பட்டன. அவை வீசிய கொத்துக் குண்டுகளில் சில அய்டர் பகுதியில், பள்ளிக்கூடத்தின் மீதும் சுற்றியுள்ள வீடுகள் மீதும் விழுந்தன. பொதுமக்கள் 53 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் பள்ளிப் பிள்ளைகள். காயமடைந்தவர்கள் 185 பேர். வேண்டுமென்றே பள்ளியைக் குறிவைத்ததாக ஆணையம் நம்பவில்லை. ஆனால் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை, ஆகவே எரித்திரியா பொறுப்பு என்றது.

இரண்டு வருடம் கழித்து, 2000 மே மாதம், எத்தியோப்பியப் படை எரித்திரியாவுக்குள் ஆழமாக நுழைந்து செனாஃபே நகரைப் பிடித்தது. நகருக்குப் பக்கத்தில் மதாரா என்ற தொல்லியல் தலம். அங்கே மிகப் பழமையான ஒரு கல்தூண் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் சூரிய வட்டமும் பிறையும், உடலில் கீஸ் மொழி எழுத்துகளும் செதுக்கப்பட்ட தூண். எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியும் அதே கீஸ்தான். ஒரு நாள் இரவு, அருகில் எத்தியோப்பியச் சிப்பாய்கள் முகாமிட்டிருந்தபோது, தூணின் அடியில் வெடி வைத்து அதைச் சாய்த்தார்கள். மேலிடத்து உத்தரவு என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த இடம் உன் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது, அதனால் நீ பொறுப்பு என்று எத்தியோப்பியாவிடம் சொன்னது ஆணையம். போரைத் தொடங்கியது எரித்திரியா என்பதை வைத்து இதற்கு எத்தியோப்பியாவை மன்னிக்க முடியாது. எரித்திரிய வம்சாவளி என்று சொல்லி எத்தியோப்பியா சுமார் 75,000 பேரை வெளியேற்றியதையும் அப்படி மன்னிக்க முடியாது. பல வருடம் அடிஸ் அபாபாவில் கடை வைத்தும் பள்ளியில் பாடம் நடத்தியும் வாழ்ந்தவர்களை, இரவில் வீட்டுக் கதவைத் தட்டி, பேருந்தில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோனார்கள். எரித்திரியாவிலிருந்தும் பல்லாயிரம் எத்தியோப்பியர்கள் வெளியேற வேண்டியிருந்தது.

போர் ஏன் நீண்டது என்பது இன்னொரு கேள்வி. விவாதங்களில் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான். 1998 ஜூன் வாக்கிலேயே அமெரிக்காவும் ருவாண்டாவும் ஒரு திட்டம் வைத்தன: மே 6க்கு முன் இருந்த நிலைக்குத் திரும்புங்கள், பிறகு எல்லையைப் பேசலாம். எத்தியோப்பியா சரி என்றது. எரித்திரியா மறுத்தது. 1999 பிப்ரவரி கடைசியில் எத்தியோப்பியா பட்மேயைத் திருப்பிப் பிடித்தது. உடனே எரித்திரியா ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. போர் அங்கேயே நின்றிருக்கலாம். இந்த முறை எத்தியோப்பியா நிறுத்தவில்லை. பதுங்குகுழிகளுக்கும் கண்ணிவெடிகளுக்கும் நடுவே இன்னும் ஒரு வருடம் கடந்து, சரியாக 2000 மே 12 அன்று அது பெரும் தாக்குதலைத் தொடங்கியது. 1999 மார்ச்சுக்குப் பிறகு இறந்தவர்களின் கணக்கை எரித்திரியாவின் தலையில் மட்டும் எழுத முடியாது என்பதே என் முடிவு.

இது இந்த ஒரு போருக்கு மட்டும் உரியதில்லை. 1980 செப்டம்பர் 22 அன்று ஈரான் மீது படையெடுத்தது சதாம் உசேனின் ஈராக். ஆனால் 1982 மே மாதம் தன் நகரமான குர்ரம்ஷஹரை மீட்ட பிறகு, ஈராக் பின்வாங்கிய பிறகு, ஜூலையில் ஈராக்கின் பாஸ்ரா நகரை நோக்கிப் புறப்பட முடிவு செய்தது ஈரான். அதன் பிறகு ஆறு வருடம். அந்தப் போருக்கு யார் பொறுப்பு என்று ஐ.நா. எப்போது சொன்னது தெரியுமா? 1991 டிசம்பர் 9. போரின் முதல் வாரத்தில் நிறைவேறிய 479ஆம் தீர்மானம், பின்வாங்கு என்று ஈராக்கிடம் கேட்கக்கூட இல்லை. குவைத்துக்குள் நுழைந்து சதாம் எல்லோருக்கும் எதிரியான பிறகுதான், அப்போதைய பொதுச் செயலாளர் பெரெஸ் டி குயெயார் தன் பதவிக் காலத்தின் கடைசி மாதத்தில், ஈராக்கின் தாக்குதலை நியாயப்படுத்த முடியாது என்று எழுதினார். தீர்ப்பு சரிதான். ஆனால் அதற்குள் பதினொரு வருடம் போய்விட்டது. ஜார்ஜியா விஷயத்தில் அவ்வளவு தாமதமில்லை. ரஷ்யாவோடு நடந்த 2008 ஆகஸ்ட் போரை விசாரிக்க ஐரோப்பிய ஒன்றியம் நியமித்த ஹெய்டி தாக்லியாவினி குழுவின் அறிக்கை அடுத்த வருடமே வந்தது. பெரும் தாக்குதலைத் தொடங்கியது ஜார்ஜியா, அதை நியாயப்படுத்த முடியாது என்றது அறிக்கை. ரஷ்யா பதிலடி என்ற பெயரில் ஜார்ஜியாவுக்குள் வெகுதூரம் போனது அளவு மீறியது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரு தரப்பும் தனக்குப் பிடித்த பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டன.

மறுபடி ஆப்பிரிக்கக் கொம்புக்கு வருகிறேன். எல்லைத் தீர்ப்பு 'இறுதியானது, கட்டுப்படுத்துவது' என்று ஒப்புக்கொண்டுதான் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தன. பட்மே கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் எத்தியோப்பியா தீர்ப்பை அமல்படுத்த மறுத்தது. தீர்ப்பு நியாயமற்றது, பொறுப்பற்றது என்று 2003 செப்டம்பரில் மெலெஸ் ஐ.நா.வுக்கு எழுதினார். முழுச் சம்மதம் என்று அடிஸ் அபாபா சொன்னது 2018இல், அபிய் அகமது பிரதமராக வந்த பிறகுதான். பதினாறு வருடம் 'போருமில்லை, சமாதானமுமில்லை' என்ற நிலை. சட்டப்படி பார்த்தால் இந்தப் பதினாறு வருடத்துக்கு எத்தியோப்பியாதான் பொறுப்பு. அந்த நிலையை இசையாஸ் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்பதற்கு அவர் மட்டுமே பொறுப்பு. எரித்திரியாவில் தேசிய சேவை சட்டப்படி 18 மாதம். எல்லையில் எதிரி நிற்கிறான் என்று சொல்லி அது முடிவில்லாத சேவையாக நீட்டப்பட்டது. 1997இல் நிறைவேறிய அரசியல் சாசனம் அமலுக்கே வரவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே பயிற்சி முகாமுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் சஹாராவையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி ஓடினார்கள்.

என்னை மிகவும் உலுக்கியது இதற்கு முன் நடந்த ஒன்று. யார் பொறுப்பு என்று ஹேக்கில் நடுவர்கள் கேட்பதற்கு முன்பே எரித்திரியர்கள் கேட்டார்கள். 2001 மே மாதம் ஆளும் கட்சியின் மூத்த உறுப்பினர்கள் 15 பேர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். போரை நடத்திய விதம் உட்பட எல்லாவற்றையும் கட்சியின் மையக் குழு கூடி ஆராய வேண்டும், அரசியல் சாசனம் அமலுக்கு வர வேண்டும் என்பது கோரிக்கை. எழுதியவர்கள் வெளியாட்கள் இல்லை. விடுதலைப் போரில் இசையாஸோடு பங்கரில் படுத்தவர்கள். போர் நடந்தபோது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹைலே வோல்தென்சே அவர்களில் ஒருவர். செப்டம்பர் 18 அன்று கைது தொடங்கியது. 11 பேர் பிடிபட்டார்கள். அதே வாரம் தனியார் பத்திரிகைகள் எல்லாம் மூடப்பட்டன. அந்த 11 பேர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

எத்தியோப்பியாவிலும் அதே வருடம் ஆளும் கட்சி இதே கேள்வியில்தான் உடைந்தது. அங்கே கேள்வி தலைகீழ்: போரை ஏன் இவ்வளவு சீக்கிரம் நிறுத்தினாய், ஏன் இந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டாய் என்று மெலெஸைக் கேட்டார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களும் கட்சியிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் சியே அப்ரஹா ஊழல் வழக்கில் கைதாகிப் பல வருடம் சிறையில் இருந்தார்.

இழப்பீட்டு ஆணையம் 2009 ஆகஸ்ட் 17 அன்று கணக்கை முடித்தது. எரித்திரியா எத்தியோப்பியாவுக்குத் தர வேண்டியது சுமார் 17.4 கோடி டாலர். எத்தியோப்பியா எரித்திரியாவுக்குத் தர வேண்டியது சுமார் 16.35 கோடி டாலர். வித்தியாசம் ஏறத்தாழ 1 கோடி டாலர். கேட்கப்பட்ட தொகை இதைவிடப் பல மடங்கு. ஏழை நாட்டின் மக்களை இன்னும் பட்டினி போடும் அளவுக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்று நடுவர்கள் கவனமாக இருந்தார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கில் அரசு அரசிடம்தான் பேசுகிறது. மே 12 அன்று உத்தரவு போட்டது ஓர் ஆள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்கள் சிலர். அவர்கள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை, கட்ட வேண்டிய பணம் அவர்கள் பையிலிருந்து வரப்போவதும் இல்லை.

அந்த மூன்றாவது குழுவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு, 1998 மே 6 சம்பவத்தையும் அதற்கு முன் 1997 ஜூலை, ஆகஸ்டில் நடந்தவற்றையும் விசாரிக்கச் சொல்கிறது. குழுவை நியமிக்க வேண்டியவர் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச் செயலாளர். அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2002இல் அந்த அமைப்பே ஆப்பிரிக்க ஒன்றியமாக மாறிவிட்டது. 2018 ஜூலை 9 அன்று அஸ்மாராவில் அபியும் இசையாஸும் கையெழுத்திட்ட சமாதானப் பிரகடனத்தில் தூதரகம், விமானம், வணிகம், எல்லை எல்லாம் இருந்தன. போருக்கு யார் பொறுப்பு என்பது இல்லை. இரண்டு வருடம் கழித்து டிக்ரேயில் மூண்ட போரில் எரித்திரியப் படை எத்தியோப்பிய ராணுவத்தோடு சேர்ந்து இறங்கியது. 1998இல் யாரும் விசாரிக்காமல் விட்ட பகையின் மிச்சம் அதில் இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அந்த விசாரணையை இப்போதும் நடத்தலாம், நடத்த வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். மே 6க்கும் மே 12க்கும் இடையே ஆறு நாள். அந்த ஆறு நாளில் அஸ்மாராவில் யார் யார் கூடினார்கள்? வேண்டாம் என்று சொன்னவர் யாராவது உண்டா? எட்டாம் தேதி அடிஸ் அபாபா கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் தேதி என்ன நடக்கப்போகிறது என்று தெரியுமா? 1997 வரைபடத்துக்கு எத்தியோப்பியத் தரப்பில் அனுமதி கொடுத்தது யார், அது அஸ்மாராவில் எப்படிப் படிக்கப்படும் என்று யாராவது எச்சரித்தார்களா? மெலெஸ் 2012இல் இறந்துவிட்டார். இசையாஸ் இன்னும் அதிபராக இருக்கிறார், அவரிடம் கேட்கலாம். 2001இல் சிறைக்குப் போனவர்களில் உயிரோடு இருப்பவர்களை வெளியே விட்டால், அவர்களிடமும் கேட்கலாம்.